உள்பக்கம் சாயும் கால்

சாக்ஸைக் கழற்றச் சொன்னதும் பூமிநாதனுக்குக் கூச்சமாகிவிட்டது. காலைக் காட்டுவதில் என்ன கூச்சம், கோயிலுக்குப் போனால் ஊரே வெறுங்காலோடுதான் நிற்கிறது, ஆனால் இந்த ஏசி போட்ட ஷூக் கடையில், வெள்ளை விளக்குக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இத்தனை வருஷமாக உடம்பின் கடைக்கோடியில் சிவனே என்று கிடந்த கால்கள் இரண்டும் திடீரென்று யாரோ கொடுத்துவைத்துப் போன சாமான் மாதிரித் தெரிந்தன. அருள்மேரி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். "இந்தக் கண்ணாடி மேல ஏறி நில்லுங்க சார். குனியாதீங்க, நேராப் பாருங்க." நேரே சுவரில் ஒரு திரை. அதில் அவன் பாதங்களின் அச்சு சிவப்பாக விழுந்தது. மற்றவர்களுக்கு நடுவில் உள்பக்கம் வளைவாக ஒன்றும் விழாமல் வெறுமையாக இருக்குமாம், அவனுக்கு ஓரம்வரை சிவப்பு. "முழுசாத் தரையில படியுது சார்" என்றாள். இதைச் சொல்ல ஒரு மெஷினா. குளித்துவிட்டு ஈரக்காலோடு அவன் நடந்து போன சிமெண்டுத் தரையைப் பார்த்து, இந்தப் பக்கம் ஒரு வாத்து போயிருக்கு பாரு என்று அப்பா சொல்லாத நாளில்லை. அந்த வாத்துக் காலை வைத்துக்கொண்டுதான் படித்தான், கல்யாணம் செய்துகொண்டான், மாட்டுத்தாவணிப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் வைத்தான், ஒரு குறையும் வரவில்லை. ஓடச் சொன்னால்தானே குறை. ஓடச் சொன்னது ஆஸ்பத்திரி டாக்டர். "உங்க லிவர்ல கொழுப்பு ஜாஸ்தி. இதுல பாதிய வெட்டி அந்தப் பொண்ணுக்கு வைக்க முடியாது. உடம்பக் குறைச்சுட்டு வாங்க, மறுபடி ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன்." அந்தப் பொண்ணு என்றால் தர்ஷினி, அவன் தங்கச்சி பாண்டீஸ்வரியின் ஒரே மகள். பதினேழு வயது, அதற்குள் ஈரல் சுருங்கிப்போய்விட்டது. அவனுடைய ஈரல் மெலிந்தால்தான் அவள் பிழைப்பாள், அவன் ஓடினால்தான் ஈரல் மெலியும், கால் ஒத்துழைத்தால்தான் ஓட முடியும், அப்படி எல்லாம் கடைசியில் வந்து நின்ற இடம் இந்த வாத்துக் கால்.

"எதுக்கு சார் ஓடுறீங்க, மாரத்தானா?" என்று அருள்மேரி கேட்டாள். "உடம்பக் குறைக்கத்தான்" என்றான். அது பொய்யில்லை. முழு உண்மையைச் சொன்னால் அவள் எழுந்து நின்றுவிடுவாள், கையைக்கூடப் பிடித்துக்கொள்வாள், இப்போதெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், நீங்க தெய்வம் சார் என்கிறார்கள், லைசன்ஸ் ஆபீஸில் ஒரு புரோக்கர் காலில் விழப்போனான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஏனென்றால் ஈரல் தருகிறேன் என்பது எப்படிச் சொல்லப்பட்டது என்பது அவனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். பாண்டீஸ்வரியின் ரத்தம் சேரவில்லை, மச்சானுக்கு ரொம்ப வருஷச் சர்க்கரை, வேற யார் இருக்காங்க என்று டாக்டர் கேட்டதும் எல்லாரும் செருப்பைப் பார்த்தார்கள். ஒரே ஒரு நிமிஷ அமைதி. அந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை. கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, தொண்டை தானாக ஏறிற்று, "தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்? நான் தர்றேன்" என்றான். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். தர்ஷினிக்குக் காது குத்தும்போது மேளதாளத்தோடு சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்று, மாமன் சீர் வந்தாச்சு, வழி விடுங்கப்பா என்று கத்தினானே, அதே குரல். சபை நடுவில் மாமன் பின்வாங்கக் கூடாது. முதல் தட்டு மாமன் தட்டு, முதல் மாலை மாமன் மாலை, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதும் மாமன்தான். அந்த மிடுக்கில் ஈரலையும் ஒரு தட்டில் வைத்து அறிவித்துவிட்டான். ஒரு அத்தை குலவையே போட்டிருப்பாள், ஆஸ்பத்திரி என்பதால் வாயை மூடிக்கொண்டாள். பாண்டீஸ்வரி அழவில்லை. வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒருநாள்கூட அவள் எடை எவ்வளவு என்று கேட்கவில்லை. காலையில் போன் பண்ணி, சாப்பிட்டியாண்ணே என்பாள், கொள்ளு ரசம் வைத்து தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுவாள். கேட்டிருந்தால் பரவாயில்லை, கோபப்படவாவது முடிந்திருக்கும்.

"இந்த சாதா ஷூவப் போட்டுக்கிட்டு மெஷின்ல கொஞ்சம் ஓடுங்க சார், பின்னாடி கேமரா இருக்கு, கால் எப்படி விழுதுன்னு பாக்கணும்." ஓரத்து பெஞ்சில் மங்களேஸ்வரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுடைய மனைவி. கடைக்குள் வந்ததிலிருந்து எந்த ஷூவையும் தொட்டுப் பார்க்கவில்லை, இது அவள் சுபாவத்துக்கே விரோதம், துணிக்கடைக்குப் போனால் தொடாத துணி இருக்காது. மெஷின் நகரத் தொடங்கிற்று. தரை பின்னால் போகிறது, நாம் ஓடி ஓடி இருந்த இடத்திலேயே இருக்கிறோம். இப்படி ஓடுவது நல்லதுதான், எங்கேயும் போய்ச் சேராத ஓட்டம். வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஓடும்போது போய்ச் சேருகிற இடம் தெரிந்துகொண்டே இருக்கும், பச்சைத் திரை, சக்கரம் வைத்த கட்டில், முகத்துக்கு மேலே வரப்போகிற ரப்பர் மூடி. மயக்கம் கொடுக்கும்போது எண்ணச் சொல்வார்களாம், எண்ணிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுமாம். எந்த எண்ணில் நிற்கும். அதற்குப் பிறகு தன் வயிற்றுக்குள் விளக்கடித்து யார் யாரோ பார்ப்பார்கள், தான் மட்டும் பார்க்க முடியாது. பாதி வெட்டினாலும் சில மாதத்தில் வளர்ந்துவிடும் சார், முடி மாதிரி நகம் மாதிரி என்று அந்தக் கவுன்சலிங் அம்மா சொன்னாள். முடி வெட்டுவதற்கு யாராவது கையெழுத்து வாங்குகிறார்களா. தனக்கு ஏதாவது ஆனால் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டபோது பேனா ஒழுங்காக எழுதியது, கைதான் அந்நியமாக இருந்தது. இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் பயம் தெளிவிக்கிறவன் அவன். வண்டி ஓட்டப் பழக வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வெலவெலத்துப் போவார்கள், பக்கத்து சீட்டில் அவன் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எதுக்குப் பயப்படுறீங்க, எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்குல்ல" என்பான். கேட்டவுடனே அவர்கள் தோள் இறங்கும். அவன் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காலடியில் என்ன இருக்கிறது. ஓடும்போது வலி வந்த அன்றைக்கு, பிரேக் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தான். கணுக்காலின் உள்பக்கம் ஒரு சுருக்கென்ற வலி, அங்கிருந்து முழங்கால்வரைக்கும் ஒரு கோடு இழுத்ததுபோல் ஏறிற்று, கண்மாய்க் கரையின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அப்பாடா. வலிக்கிறவன் அம்மா என்பான், ஐயோ என்பான். அவன் அப்பாடா என்றான். சத்தமாகவே சொன்னான். பக்கத்தில் நடந்து போன ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த வார்த்தை அன்றிலிருந்து அவனை விடவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய நார்போல் நாக்கு போய்ப் போய் அதையே தடவிக்கொண்டிருக்கிறது. வலி நிஜமா, பயம் கட்டிவிட்ட வலியா. பிசியோதெரபி பார்க்கிறவர் கணுக்காலை அமுக்கி, இங்க வலிக்குதா என்றார், வலிக்கிறது என்றான், கொஞ்சம் மேலே அமுக்கினார், அங்கேயும் வலிக்கிறது என்றான், எங்கே அமுக்கினாலும் வலிக்கிறது என்று சொல்கிறோமே என்று அவனுக்கே சந்தேகமாகிவிட்டது. அவர், "கால் உள்ள சாயுதுன்னு நினைக்கிறேன். ஷூக் கடையில ஓடவிட்டுப் பாத்து, அந்த மாதிரிக் காலுக்குன்னு இருக்கிற ஷூவா வாங்குங்க. அதப் போட்டும் வலிச்சா ஓட வேணாம்" என்றார். நல்ல மனுஷர், நிறைய யோசனை சொன்னார், ஆனால் அவன் வீட்டுக்கு எடுத்து வந்தது கடைசி இரண்டு வார்த்தையைத்தான். ஓட வேணாம். ஓடாவிட்டால் எடை குறையாது, குறையாவிட்டால் ஸ்கேனில் தேறாது, தேறாவிட்டால் டாக்டரே சொல்லிவிடுவார், மாமன் மேல் குற்றமில்லை, மாமன் தயாராகத்தான் இருந்தான், கால்தான் காலை வாரிவிட்டது. பாண்டீஸ்வரிகூட, உன் மேல என்னண்ணே தப்பு என்பாள். அப்புறம் தர்ஷினி. அந்த இடத்தில் யோசனை மறுபடி முதலில் இருந்து தொடங்கிவிடும். வலி நிஜமா, இல்லையா. டிரைவிங் பழகுகிற சிலர் இப்படித்தான், ரோடு காலியாகக் கிடக்கும், ஒன்றும் குறுக்கே வராது, தாமாகவே பிரேக்கை மிதித்துவிட்டு, நாய் வந்துச்சு சார் என்பார்கள். நாயே இருக்காது. அவர்களைக் கேலி செய்திருக்கிறான், ஒரு பேங்க் மேனேஜரம்மாவை நாய்க்கார மேடம் என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டான்.

"போதும் சார், இறங்குங்க. இங்க பாருங்க." அருள்மேரி திரையில் அவன் ஓடியதை மெதுவாக ஓடவிட்டாள். முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்தது. முகமில்லாத இரண்டு கால்கள் தண்ணீருக்குள் நடப்பதைப்போல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. குதிகால் முதலில் தரையைத் தொட்டது, சரியாகத்தான் தொட்டது, அதன்மேல் உடம்பின் பாரம் வந்து இறங்கியதும் கணுக்கால் உள்பக்கமாகச் சரிந்தது. மறுகாலும் அப்படியே. ஒவ்வொரு அடிக்கும், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல், கால்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தன. "விழுது பாருங்க சார், நல்லா விழுது. இந்தக் காலோட எத்தனை நாள் ஓடுனீங்க? இப்படி விழுந்தா வலிக்கத்தான் சார் செய்யும்." வலிக்கத்தான் செய்யும். பூமிநாதன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் கண்ணீர் விழுந்துவிடும், கடையில், அதுவும் இரவல் ஷூவோடு நின்றுகொண்டு அழக் கூடாது. நாய் இருந்திருக்கிறது. நாய் நிஜமாகவே குறுக்கே வந்திருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை, கால் பொய் சொல்லவில்லை, வலி நிஜம், அவன் கோழையில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரைக்கும் போய் வந்தது. அந்தச் சந்தோஷம் அந்த ஒரு மூச்சுக்குத்தான் தாங்கிற்று. "இதுக்குன்னே ஷூ இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்று அருள்மேரி எழுந்தாள். இதுக்குன்னே இருக்கிறதாம். அப்படியென்றால் வலிக்கு மருந்து இருக்கிறது, அப்படியென்றால் ஓடலாம், அப்படியென்றால் அந்தக் கட்டில், அந்த ரப்பர் மூடி. வலி நிஜம் என்பது சரி, அப்பாடா என்றதும் நிஜம்தானே. அதற்கு எந்தக் கேமரா சாட்சி சொல்லும்.

முதலில் அவள் கொண்டுவந்த ஜோடி மெத்தையாக இருந்தது. காலை நுழைத்ததும் பாதம் அமிழ்ந்து உட்கார்ந்தது, இரண்டு அடி நடந்தான், சுகம். "இதே போதும்மா" என்றான். "கடைக்குள்ள எல்லாருக்கும் இதுதான் சார் பிடிக்கும். ஓடிப் பாருங்க." ஓடினான். திரையில் கணுக்கால் முன்னைவிடச் சாய்ந்தது. மெத்தென்று இருந்தால் கால் இன்னும் உள்ளே அமுங்குமாம், அவனுக்கு வேண்டியது உள்பக்கம் கெட்டியான ஷூவாம், கட்டை விரலால் அடிப்பக்கத்தை அமுக்கிக் காட்டினாள், வெளிப்பக்கம் அமுங்கியது, உள்பக்கம் அசையவில்லை. இரண்டாவது ஜோடி அப்படிப்பட்டது. வளைவே இல்லாத இடத்தில் வளைவு இருக்கிறதென்று சாதிப்பதுபோல் பாதத்துக்கு நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. திரையில் குதிகால் நேராக விழுந்தது, ஆனால் சுண்டுவிரல் நெரிந்தது. "உங்களுக்கு அகலக் கால் சார், ஓட ஓட வீங்கும் வேற. இதே ஷூ அகலத்துல இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள். இல்லாமல் இருக்கட்டும் என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் சொன்னது. யார் சொன்னது என்று அவன் திரும்பிக்கூடப் பார்த்தான்.

மங்களேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடையில் இருந்த வேறு ஒரு குடும்பம், பையனுக்குப் பள்ளிக்கூட ஷூ எடுத்துக்கொண்டிருந்தது, அவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லிருங்க. கால் சரியில்லைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அவள் இப்படி நேராகச் சொல்வது இதுதான் முதல்தடவை. வராந்தாவில் அவன் அறிவித்தபோது கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள், வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே, "இது ஒரு தடவைதான் குடுக்க முடியுமாமே. நாளைக்கு நம்ம கவினுக்கு ஒண்ணுன்னா?" என்றாள், தோசை கருகியது, இருவரும் கருகல் வாசனையைக் காரணமாக வைத்து எழுந்து போய்விட்டார்கள். கவின் அவர்கள் மகன், எட்டாம் வகுப்பு, அவனுக்கு ஒன்றுமில்லை, மூக்கொழுகுவதைத் தவிர. ஆனால் தர்ஷினிக்கும் அந்த வயதில் ஒன்றுமில்லை. அவளைக் காது குத்த மடியில் வைத்தபோது மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது, ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் நெஞ்சோடு ஒண்டினாள், ஊசி இறங்கியதும் வீறிட்டாள், புது வேட்டியை நனைத்துவிட்டாள். மாமனுக்கு அபிஷேகம்டா என்று கூட்டம் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, அந்தச் சின்ன முதுகு அவன் உள்ளங்கைக்குள் கிடுகிடுவென்று நடுங்கியது. அன்றைக்கு மாமனாக இருந்தது அந்த மேளச் சத்தமா, அந்த உள்ளங்கையா. யோசிக்க யோசிக்கப் பிடிபடாமல் இருந்தபோது போன் அடித்தது, தர்ஷினியேதான்.

"மாமா, ஷூ எடுத்தாச்சா? என்ன கலரு?" குரலில் மூச்சு வாங்கிற்று, படி ஏறி வந்தவள் பேசுவதுபோல. படுக்கையில்தான் படுத்திருப்பாள். "இன்னும் எடுக்கல பாப்பா. உன் மாமன் காலுக்கு மதுரையில ஷூவே இல்லியாம்." "மஞ்சள் மட்டும் வேணாம் மாமா. கண்ணாடியப் பாத்தாலே அந்தக் கலர்தான் தெரியுது, எனக்கு வெறுத்துப்போச்சு." சிரித்தாள். அவனும் சிரித்தான், மஞ்சள் பூத்த அவள் கண் நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டான். "மாமா, உங்களுக்குப் பயமா இருக்கா?" கேட்ட வேகத்தில் அவன் குரல் ஏறிவிட்டது, அதே குரல், கோயில் வாசல் குரல். "எனக்கென்ன பாப்பா பயம்? தாய்மாமன்ல!" "ம்" என்றாள். "எனக்கு இருக்கு மாமா." அம்மா வர்றாங்க என்று வைத்துவிட்டாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். ஒரு குழந்தை துணைக்குக் கூப்பிட்டிருக்கிறது, தனியாக இருக்கிறது, பக்கத்தில் வா என்று கூப்பிட்டிருக்கிறது. அவன் மேளம் அடித்துத் துரத்திவிட்டான். நெஞ்சு வலித்தது. இந்த வலி நிஜமா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அருள்மேரி ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். "உங்க அளவு அகலத்துல இந்த ஒரு ஜோடிதான் சார் இருக்கு." திறந்தாள். மஞ்சள். லேசான மஞ்சள்கூட இல்லை, அரைத்த மஞ்சள் மாதிரி அப்பட்டமான மஞ்சள், கயிறுகூட மஞ்சள். "வேற கலர் இல்லியா?" "கறுப்புச் சொல்லி வைக்கலாம் சார், வர்றதுக்கு ஒரு மாசம்கூட ஆகலாம்." ஒரு மாதம். அதற்குள் ஸ்கேன் நாள் போய்விடும். எவ்வளவு மரியாதையான வழி, எவ்வளவு பாசமான வழி, அந்தக் குழந்தையே வாய்விட்டுச் சொன்னதுதானே, மஞ்சள் வேணாம் மாமா என்று, மாமன் எப்படி மஞ்சளைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பான். எங்கோ காலடியில் ஒரு பிரேக் மெதுவாக இறங்கியது. "அப்ப கறுப்பே சொல்லி வச்சிருங்க" என்றான். சொல்லிவிட்டான். பழைய ஷூவைக் காலால் துழாவினான். மனைவிக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத் தலை நிமிர்ந்தான். மங்களேஸ்வரியின் முகம் சிவந்திருந்தது. அவள் அருள்மேரியிடம், "ஒரு நிமிஷம்மா" என்றாள். அப்புறம் அவன் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கலருன்னு சொல்லாதீங்க" என்றாள். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. நானும் உங்ககூட வந்து நின்னு சொல்றேன், எங்க வீட்டுக்காரரால முடியல, எங்களுக்குப் பயமா இருக்குன்னு. அதச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல. ஆனா ஷூ மஞ்சளா இருந்துச்சு, அதனால வரலைன்னு அந்தப் புள்ள முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது." அவன் துழாவிக்கொண்டிருந்த காலை இழுத்துக்கொண்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. கேட்டீங்களா யாராவது."

கேட்கவில்லை. இத்தனை நாளும் அவளுடைய பயத்தைத் தன் பயத்துக்குத் துணையாக எண்ணி வைத்திருந்தானே தவிர, அவளைக் கேட்கவில்லை. "ஆமா, பயமா இருக்கு" என்றான். இவ்வளவு சின்ன வாக்கியம். வராந்தாவில் சொன்னதைவிட நீளத்தில் குறைவு, ஆனால் அதைவிடக் கனம், சொல்லி முடித்ததும் தோள் இறங்கிற்று. "ரொம்பப் பயமா இருக்கு மங்கை." அவள் தலையாட்டினாள், சரி என்பதுபோல, நேற்றே தெரியும் என்பதுபோல. அருள்மேரி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் இரும்மா, அதையே குடு, போட்டுப் பாக்கறேன்." பயம் எங்கும் போகவில்லை, ஷூவுக்குள் காலை நுழைக்கும்போதும் இருந்தது, கயிறு கட்டும்போதும் இருந்தது. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று அருள்மேரி அமுக்கிப் பார்த்தாள், இருந்தது. சுண்டுவிரல் நெரியவில்லை. நடுப் பாதத்தில் அந்தக் கெட்டி முட்டிக்கொண்டுதான் நின்றது, சுகமாக இல்லை, யாரோ உள்ளங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து, விழாதே என்று பிடித்திருப்பதுபோல் இருந்தது. மெஷினில் ஏறினான். தரை நகர்ந்தது. வலி வருமென்று காத்திருந்தான், பழைய இடத்தில் ஒரு மெல்லிய முனகல் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் ஓட்டத்தோடு சேர்ந்துகொண்டது. கட்டில் வந்தது, பச்சைத் திரை வந்தது, ரப்பர் மூடி வந்தது, எண்ணச் சொன்னார்கள், எண்ணினான், நடுவில் ஒரு சின்ன முதுகு உள்ளங்கைக்குள் நடுங்கியது, அந்த நடுக்கத்துக்கும் தன் நடுக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போதும் சார் என்று அருள்மேரி சொன்னது கேட்டும் இன்னும் கொஞ்சம் ஓடினான். இறங்கித் திரையைப் பார்த்தான். மஞ்சள் ஷூவுக்குள் அந்த முகமில்லாத கால்கள் மெதுவாக வந்தன. குதிகால் விழுந்தது. பாரம் இறங்கியது. கணுக்கால் சாய்வதற்கு யோசித்தது, லேசாக யோசித்தது, பிறகு நேராகவே நின்றது. இனிமேல் காலைக் காரணம் சொல்ல முடியாது.

ஷூவைக் கழற்றாமலே வெளியே வந்தான். கடைக்குள் இருந்தபோது மழை பெய்து விட்டிருந்தது, தோண்டிப் போட்டு மூடாத தெருவில் செம்மண் கலங்கி ஓடியது. மங்களேஸ்வரி ஸ்கூட்டரை எடுக்கப் போனாள். அவன் கடை நிழலில் நின்று போன் பண்ணினான். "பாப்பா, மஞ்சள்தான் கிடைச்சது." கடைச் சுவரில் சாய்ந்துகொண்டான். "அப்புறம், நீ கேட்டல்ல. மாமனுக்கும் பயமா இருக்கு பாப்பா. ரொம்ப." குரல் ஏறவில்லை, இறங்கியே கிடந்தது, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்டிருக்காது. "அப்ப வர மாட்டீங்களா மாமா?" என்றாள். அவளுக்கு எத்தனை நாளாக இந்தக் கேள்வி உள்ளே கிடந்ததோ. "வர்றேன். பயத்தோடயே வர்றேன்." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதட்டலாக, "அப்படின்னா ஓடி ஓடி அத அழுக்காக்கிருங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப எனக்கு அதுல மஞ்சளே தெரியக் கூடாது" என்றாள். "சரி பாப்பா" என்றான். மங்களேஸ்வரி வண்டியைச் சேற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, ஓரமாக வாங்க, புது ஷூ, ஓரமாக வாங்க என்று கத்தினாள். பூமிநாதன் குனிந்து ஒருதடவை ஷூவைப் பார்த்துக்கொண்டான். பிறகு தெரு நடுவில் கலங்கி நின்ற செம்மண் தண்ணீருக்குள் வலது காலை வைத்து இறங்கினான்.